ரிசல்ட் லிங்க் எங்கே? பல்கலைக்கழக இணையதளங்களில் தேடுவது ஏன் கிடைப்பதில்லை?

தேர்வு முடிவு பார்க்கணும், கட்டணம் கட்ட கடைசி தேதி தெரியணும் என்று மொபைலில் பல்கலைக்கழக இணையதளத்தைத் திறப்பார் மாணவர். வளாகப் படங்கள் ஓடும், துணைவேந்தர் செய்தி வரும், விழா போட்டோ வரும். தேடி வந்தது மட்டும் கண்ணில் படாது. ஏன் இப்படி? எப்படிச் சரிசெய்வது?

பழைய பிரச்சினைதான்

அமெரிக்க கார்ட்டூனிஸ்ட் ராண்டல் மன்றோ, 2010-ல் தனது 'எக்ஸ்கேசிடி' இணைய காமிக்ஸில் இரண்டு வட்டங்களை வரைந்தார். ஒன்றில், பல்கலைக்கழக முகப்புப் பக்கத்தில் இருப்பவை. மற்றொன்றில், மக்கள் தேடி வருபவை: விண்ணப்பப் படிவம், கல்வி நாட்காட்டி, வளாக வரைபடம். இரண்டு வட்டத்துக்கும் பொதுவாக இருந்தது ஒன்றே ஒன்று: பல்கலைக்கழகத்தின் முழுப் பெயர்!

தவறு எங்கே?

பெரும்பாலான தளங்கள் அலுவலக அமைப்பை அப்படியே காட்டுகின்றன. பதிவாளர், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர், தொலைநிலைக் கல்வி இயக்ககம் என ஆளுக்கொரு பக்கம். ஹால் டிக்கெட் எந்தப் பிரிவில் கிடைக்கும் என்பது மாணவருக்கு எப்படித் தெரியும்? குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகிறவருக்குச் சொல்லித்தரவும் வீட்டில் ஆள் இருக்காது. லிங்க் கண்ணில் படாமல் கடைசி தேதி தாண்டினால் அபராதம். சில நேரம் வாய்ப்பே போய்விடும்.

என்ன செய்யலாம்?

* முதலில் பட்டியல்: தளத்தின் தேடல் பெட்டியில் மக்கள் அதிகம் டைப் செய்யும் சொற்கள், அலுவலகத்துக்கு போன் போட்டுக் கேட்கும் கேள்விகள். அடிக்கடி வருபவைதான் முகப்பில் இருக்கணும்.

* மாணவர்களே பிரிக்கட்டும்: ஒவ்வொரு தகவலையும் ஒரு அட்டையில் எழுதி, எதோடு எது சேரும் என்று அவர்களிடமே அடுக்கச் சொல்வது. இதற்கு 'கார்டு சார்ட்டிங்' என்று பெயர்.

* தெரிந்த சொல்: 'மதிப்பெண் பட்டியல்' என்று தேடுகிறவருக்கு 'தேர்வுப் பிரிவு சேவைகள்' என்ற தலைப்பு உதவாது.

* ஸ்கேன் செய்த பிடிஎஃப் வேண்டாம்: மொபைலில் எழுத்து தெரியாது, தேடவும் முடியாது. பார்வையற்றோர் பயன்படுத்தும் ஸ்கிரீன் ரீடருக்கு அது வெறும் படம்தான். தேதியும் கட்டணமும் பக்கத்திலேயே எழுத்தாக இருக்கணும்.

* சோதனை: "ஹால் டிக்கெட் எடுங்க" என்று சொல்லி, மாணவர் கையில் மொபைலைக் கொடுத்துப் பார்ப்பது. 5 பேரிடம் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று வலைத்தளப் பயன்பாட்டு நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000-ல் எழுதினார்.

அதன் பிறகு?

பழைய லிங்க்குகள் புதிய பக்கத்துக்குப் போகணும். முடிந்துபோன அறிவிப்பின் பக்கத்தில் 'நியூ' என்று மின்னிக்கொண்டே இருக்கக் கூடாது. இதற்கு ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பொறுப்பாளர் தேவை.

மாற்றம் பலன் தந்ததா என்பதை நிறத்தையும் படத்தையும் வைத்துச் சொல்ல முடியாது. "லிங்க் எங்கே சார்?" என்று அலுவலகத்துக்கு வரும் போன் குறைந்திருக்கிறதா என்பதுதான் கணக்கு.