நள்ளிரவில் கால் பெருவிரலைப் பிடுங்கும் "ஊசி உப்பு"!
கண்வலிக்கிழங்கைத் தின்றால் ஆபத்து. அதன் விதையில்தான் மருந்து

நள்ளிரவு மணி 2. மங்கலம்பேட்டை கடைத்தெரு அடங்கிக் கிடக்கிறது. விருத்தாசலம் - உளுந்தூர்பேட்டை ரோட்டில் எப்போதாவது ஒரு லாரி போகும் சத்தம். அவ்வளவுதான்.

திடீரென்று ஒரு வீட்டில் அலறல்!

திருடனா? இல்லை. பாம்பா? அதுவும் இல்லை. வீட்டுக்காரர் கட்டிலில் உட்கார்ந்து வலது காலைப் பிடித்துக்கொண்டு துடிக்கிறார். கால் பெருவிரல் அடிமூட்டு செக்கச்செவேல் என்று வீங்கி, தொட்டால் சுடுகிறது. போர்வை நுனி பட்டால்கூட உயிர் போகிறது.

"என்னங்க, பூச்சி கீச்சி கடிச்சிருச்சா?" என்று பதறுகிறார் மனைவி.

"ஒண்ணும் கடிக்கலடி. படுக்கும்போது நல்லாத்தானே இருந்தேன்!"

இவரை 45 வயது மளிகைக் கடைக்காரர் என்று வைத்துக்கொள்வோம். பெயர் எதற்கு? எந்த ஊரிலும் எந்தத் தெருவிலும் நடக்கிற சங்கதிதான் இது. நோயின் பெயர் "கவுட்". ஜனங்கள் பேச்சில் "யூரிக் ஆசிட்", "உப்பு சேர்ந்திருக்கு".

எந்த உப்பு?

உப்பு என்றதும் பலர் குழம்பில் உப்பைக் குறைத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். அந்த உப்பு வேறு, இந்த உப்பு வேறு!

உடம்பில் பழைய செல்கள் அழியும்போதும், கறி, மீன் போன்றவை செரிக்கும்போதும் யூரிக் அமிலம் என்ற கழிவு உண்டாகிறது. அதைச் சிறுநீரகம் வடிகட்டி வெளியே தள்ள வேண்டும். தள்ள முடியாமல் ரத்தத்தில் தேங்கினால், 100 மில்லி ரத்தத்தில் சுமார் 6.8 மில்லிகிராமைத் தாண்டியதும் அது கரையாமல் படிய ஆரம்பிக்கும். சீனிப்பாகு ஆறினால் அடியில் கல்கண்டு பிடிப்பது போல. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஒவ்வொன்றும் ஊசி!

உடம்பிலேயே சூடு குறைந்த இடம் கால் விரல். அதனால் முதலில் அங்கேதான் படிகிறது. ராத்திரியில் உடம்புச் சூடு இன்னும் இறங்கும், தண்ணீரும் குடிப்பதில்லை. நள்ளிரவுக்கும் காலை 8 மணிக்கும் நடுவில் வலி அதிகம் வருவதற்கு இதுவும் காரணம் என்கிறார்கள் டாக்டர்கள்.

ஊசிகள் வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் கிடக்கும். ஒருநாள் உடம்பின் காவல்படை அவற்றை எதிரி என்று நினைத்துப் பாயும். அந்தச் சண்டைதான் வலி, வீக்கம், சூடு எல்லாம்.

ஆண்களுக்கே அதிகம். பெண்களுக்கு மாதவிலக்கு நின்ற பிறகு வரும்.

"சுளுக்குதான், நீவி விடு!"

விடிந்ததும் வைத்தியம் ஆரம்பமாகிறது. சுளுக்கு என்று ஒருவர் எண்ணெய் போட்டு அழுத்தி நீவுகிறார். வீக்கம் இரட்டிப்பு! இன்னொருவர் கடையில் "செட் மாத்திரை" வாங்கி வருகிறார். நான்கைந்து மாத்திரை, பெயர் கிடையாது, சீட்டு கிடையாது. அதற்குள் ஸ்டீராய்டு இருந்தாலும் விழுங்குகிறவருக்குத் தெரியாது. சர்க்கரை வியாதிக்காரருக்கு அதனால் சர்க்கரை எகிறும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எந்த மருந்தும் சாப்பிடாவிட்டாலும் இந்த வலி ஒன்றிரண்டு வாரத்தில் தானாக அடங்கிவிடும். ஆகவே நீவியவர், மந்திரித்தவர், மாத்திரை விற்றவர் எல்லோருக்கும் நல்ல பெயர்! உள்ளே ஊசி மட்டும் அப்படியே இருக்கிறது. ஆறு மாதமோ ஒரு வருஷமோ கழித்து மறுபடி வரும். பிறகு கணுக்கால், முழங்கால், கைவிரல் என்று ஏறும். கவனிக்காமல் விட்டால் காது மடலிலும் முழங்கையிலும் சுண்ணாம்புக் கட்டி போல முடிச்சு விழும். சிறுநீரகத்தில் கல்லும் வரலாம்.

வலி மாத்திரையிலும் ஆபத்து இருக்கிறது. கவுட் வலிக்கு டாக்டர்களே எழுதிக் கொடுக்கும் மருந்துகளில் ஒன்று டைக்ளோபினாக். ஆனால் சிறுநீரகம் பழுதானவருக்கு அது ஆகாது. இந்த மருந்து கொடுக்கப்பட்ட மாடுகள் செத்தபோது, அவற்றைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகம் கெட்டு, யூரிக் அமிலம் ஈரல், இருதயத்தின் மேலெல்லாம் வெள்ளையாகப் படிந்தது. இந்தியாவில் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக மடிந்த மர்மம் 2004-ல் இப்படித்தான் துலங்கியது. 2006-ல் மாடுகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. மனிதன் கழுகு அல்ல. நாலு மாத்திரையில் செத்துவிட மாட்டான். ஆனாலும் வருஷக்கணக்கில் கடையில் வாங்கி விழுங்குகிறவர்கள் ரத்தத்தில் கிரியாட்டினின் எவ்வளவு என்று ஒரு தடவையாவது பார்க்க வேண்டாமா?

வேலியில் பூக்கும் மருந்து

இந்த வலிக்கு இன்னொரு முக்கியமான மருந்து கால்ச்சிசின். அது எங்கிருந்து வருகிறது தெரியுமா? நம் ஊர் வேலியில் சிவப்பும் மஞ்சளுமாக நெருப்புப் போலப் பூக்குமே, செங்காந்தள், அதிலிருந்து! தமிழ்நாட்டின் மாநிலப் பூவும் அதுதான். திருப்பூர் மாவட்டம் மூலனூர், திண்டுக்கல் மாவட்டம் ஒட்டன்சத்திரம் பக்கம் இதைப் பந்தல் போட்டுப் பயிர் செய்கிறார்கள். கடலூரை ஒட்டிய அரியலூர் மாவட்டத்திலும் உண்டு. காலை வேளையில் ஆட்கள் பூப்பூவாகக் கையால் மகரந்தம் தொட்டு வைத்தால்தான் காய் நன்றாகப் பிடிக்கும். அந்த விதை வெளிநாட்டு மருந்துக் கம்பெனிகளுக்குக் கிலோக் கணக்கில் போகிறது.

"அப்படியா? வேலியிலேயே மருந்து இருக்கும்போது ஆஸ்பத்திரி எதுக்கு?" என்று கிளம்பிவிட வேண்டாம்! இதன் கிழங்கு பார்வைக்கு வள்ளிக்கிழங்கு மாதிரி இருக்கும். தின்றால் சில மணி நேரத்தில் வாந்தி, ரத்தபேதி. அடுத்த நாட்களில் ரத்த அழுத்தம் சரியும், எலும்பு மஜ்ஜை ரத்தம் ஊற வைப்பதை நிறுத்தும். பிழைத்தவர்களுக்கும் ஒன்றிரண்டு வாரத்தில் தலைமுடி கொட்டும். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் தெரியாமல் தின்றும், தெரிந்தே தின்றும் உயிரிழந்தவர்கள் உண்டு. ஆஸ்பத்திரியில் தயாராகக் கிடைக்கும் மாற்று மருந்து இதற்கு இல்லை. யாராவது தின்றுவிட்டால் உடனே 108-க்குப் போன் செய்ய வேண்டும்.

மாத்திரையிலும் அளவு முக்கியம். ஒரு காலத்தில் வாந்தி, பேதி வரும் வரை மணிக்கு ஒன்றாகக் கொடுத்தார்கள். குறைந்த அளவே போதும் என்று 2010-ல் வெளிவந்த ஆராய்ச்சி காட்டியது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் சாப்பிடுகிறவர்களும் டாக்டரிடம் சொல்லாமல் இதைத் தொடவே கூடாது.

வலி நின்ற பிறகுதான் வேலை!

கால்ச்சிசின் தீயை அணைக்கும், விறகை எடுக்காது. விறகை எடுப்பது அல்லோப்யூரினால். அமெரிக்காவில் ஜெர்ட்ரூட் எலியான் என்ற பெண்மணியும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் கொண்டுவந்த மருந்து. 1966-ல் அங்கே புழக்கத்துக்கு வந்தது. இருவருக்கும் 1988-ல் நோபல் பரிசு.

அடிக்கடி வலி வருகிறவர்களுக்கு இதைக் கொஞ்சமாக ஆரம்பித்து, யூரிக் அமிலம் 6-க்குக் கீழே வரும் வரை கூட்டுவார்கள். பிறகு தினமும், வருஷக்கணக்கில். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். சாப்பிட ஆரம்பித்த முதல் மாதங்களில் பழைய ஊசிகள் கரையும்போது மறுபடி வலி வரும். "மாத்திரை ஒத்துக்கலை" என்று நிறுத்திவிடுவார்கள்! நிறுத்தக் கூடாது, அந்தக் காலத்துக்குத் துணை மருந்து உண்டு. உடம்பில் தடிப்பு, வாய்ப்புண், காய்ச்சல் வந்தால் மட்டும் உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓட வேண்டும். அது ஆபத்தான அலர்ஜி.

இன்னொரு ஏமாற்று: வலி உச்சத்தில் இருக்கும்போது ரத்தம் எடுத்தால் யூரிக் அமிலம் சரியாக இருப்பதாகக்கூடக் காட்டலாம். இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்குத் தண்ணீர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை டாக்டரிடம் காட்ட வேண்டும்; அதனாலும் கூடும்.

பீர், சாராயம், ஆட்டு ஈரல், குடல், மத்தி, நெத்திலி, சீனி போட்ட கலர், இவைதான் வலியைக் கூப்பிடுகிற விருந்தாளிகள். கடலூர் முதுநகர் மீன் வந்து இறங்கும் மாவட்டத்தில் மீனே தொடாதே என்றால் யார் கேட்பார்கள்? அளவைக் குறைத்தால் போதும். பருப்பையும் கீரையையும் பயந்து தள்ள வேண்டியதில்லை. பால், மோர் நல்லது. பட்டினி கிடந்து திடீரென்று இளைப்பதும் வலியைக் கிளப்பும்.

ராத்திரி வலி வந்தால் நீவாதீர்கள். துணியில் ஐஸ் சுற்றி வைத்து, காலைத் தலையணை மேல் தூக்கி வைத்து, தண்ணீர் குடியுங்கள். குளிர்காய்ச்சலும் சேர்ந்து வந்தால் விடியும் வரை காத்திருக்கக் கூடாது. மூட்டுக்குள் சீழ் பிடித்தாலும் இதே மாதிரிதான் வீங்கும். ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்தால்தான் எது என்று தெரியும். அதற்கு விருத்தாசலம் அரசு ஆஸ்பத்திரிக்கு உடனே போக வேண்டும். மேற்கொண்டு பார்க்க சிதம்பரம் அண்ணாமலை நகரில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. போகும்போது இதுவரை விழுங்கிய மாத்திரை அட்டைகளையும் ஒன்று விடாமல் பையில் போட்டு எடுத்துப் போங்கள், பெயரில்லாத செட் மாத்திரை மிச்சம் இருந்தால் அதையும் சேர்த்து.