கலாசாலை நிர்வாகமும் முனைவர் பட்டமும்

பிரசவ வைத்தியத்தில் பெரும் புகழ் பெற்ற டாக்டர் ஆ. லட்சுமணசாமி முதலியார், 1942 முதல் 1969 வரை 27 ஆண்டுகள் சென்னைச் சர்வகலாசாலையின் துணைவேந்தராக வீற்றிருந்து அதனை நடத்தி வந்தபோது, நிர்வாகத்தில் அவர் பெற்ற பட்டம் யாதென்று கேட்க எவருக்கும் தோன்றியதில்லை. கல்வி நிர்வாகம் அநுபவத்தால் கைவருவது, தலைமைக் குமாஸ்தாவின் ஞாபகசக்தியால் நடைபெறுவது என்னும் அபிப்பிராயமே நெடுங்காலம் நம்மிடையே நிலவி வந்தது. அமெரிக்காவிலோ, கிளார்க் சர்வகலாசாலையில் ஸ்டான்லி ஹால் என்பவர் 1893-லேயே உயர்கல்வியைத் தனி விஷயமாக எடுத்துக்கொண்டு பாடம் நடத்தத் தொடங்கிவிட்டார். நம் தேசத்தில் 1962-இல் யுனெஸ்கோவின் துணையுடன் டில்லியில் எழுந்த பயிற்சி நிலையம், பெயர் பல மாறி, 1979-இல் தேசியக் கல்வித் திட்டமிடல் மற்றும் நிர்வாக நிறுவனமாகி, 2006-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழக அந்தஸ்தும் அடைந்து, இன்று இத்துறையில் முனைவர் பட்டமே அளித்து வருகிறது.

இத்தகைய ஆராய்ச்சிக்கு வேண்டிய விஷயங்களைத் தேடி டில்லி வரை போக வேண்டியதில்லை; வடசென்னையின் ராயபுரத்துக்குப் போனாலே போதும். உயர்நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த கிறிஸ்தவக் கல்லூரி 1937-இல் தாம்பரத்துக்கும், பச்சையப்பன் கல்லூரி 1940-இல் சேத்துப்பட்டுக்கும் குடிபெயர்ந்தன; பழைய வண்ணாரப்பேட்டையில் சர் தியாகராயா கல்லூரி தோன்றியதோ 1950-இல், பிராட்வேயில் பாரதி மகளிர் கல்லூரி தோன்றியதோ 1964-இல். விசாலமான மைதானமும் நல்ல காற்றும் கருதி நிர்வாகிகள் செய்த முடிவுகள் அவர்கள் வரையில் நியாயமானவையே. ஆயினும், துறைமுகத்துக் கூலியாளின் மகனும் தண்டையார்பேட்டை நெசவாளியின் மகனும் அந்த இடைக்காலத்தில் எங்கே படித்தார்கள், ரயில் கட்டணத்துக்கு வழியில்லாமல் எத்தனை பேர் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றார்கள் என்பதைச் சேர்க்கைப் பதிவேடுகளிலிருந்து தேடி எடுத்து எழுதுவதே, என் நோக்கில், கலாசாலை நிர்வாக ஆராய்ச்சி என்னும் பெயருக்குத் தகும். முதல்வர்களிடம் வினாத்தாள் நீட்டித் தலைமைப் பண்பை மதிப்பெண்ணிட்டு அளப்பது எளிது, ஆனால் அதனால் அறியக்கூடியது அற்பம்.

இக்காலத்து விஷயங்களும் கைக்கெட்டும் தூரத்திலேயே உள்ளன. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்துத் தேறிய மாணவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-ஆம் தேதி பாரதி மகளிர் கல்லூரியில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. அந்தப் பணம் மாணவியின் கைக்குச் சென்றதா, வீட்டுச் செலவோடு கரைந்ததா, இரண்டாம் ஆண்டில் கல்லூரியை விட்டு நிற்கும் வழக்கத்தைக் குறைத்ததா என்பவையெல்லாம் நிதித்துறையின் கணக்குப் புத்தகம் சொல்லாத சங்கதிகள். காசிமேட்டில் விடியற்கால மீன் ஏலத்தில் அப்பாவுக்குக் கைகொடுத்துவிட்டு முதல் பாட வேளையைத் தவறவிடும் மாணவன் 75 சதவீத வருகையை எட்டாமல், அக்குறையை மன்னிக்கக் கேட்கும் ‘கண்டோனேஷன்’ கட்டணத்துக்கு அலைவதும், எண்ணூர்த் தொழிற்சாலையில் ஷிப்டு முடித்து வருபவனுக்கு மாலைக் கல்லூரி எத்தனை மணிக்குத் தொடங்க வேண்டும் என்பதும் அவ்வாறே.

முனைவர் பட்டத்துக்கான வழியை 2022-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு விதிகள் வகுத்திருக்கின்றன. 55 சதவீத மதிப்பெண்ணோடு முதுகலைப் பட்டம் பெற்றவர் நுழைவுத் தேர்வோ தேசியத் தகுதித் தேர்வோ எழுதிச் சேரலாம். குறைந்தது 3 ஆண்டுகள், பொதுவாக 6 ஆண்டுகளுக்குள் முடிக்க வேண்டும். பெண்களுக்கு 2 ஆண்டுகள் கூடுதலாகக் கிடைக்கும். பாடப் படிப்பை முடித்து, ஆய்வேட்டைச் சமர்ப்பித்து, வாய்மொழித் தேர்வில் அதனை நிலைநாட்டியபின், அந்த ஏடு ‘சோத்கங்கா’ என்னும் பொதுக் களஞ்சியத்தில் எவரும் படிக்கும்படி சேர்க்கப்படுகிறது. கல்வி நிர்வாகத்துக்கெனத் தனித் துறை வைத்திருக்கும் சர்வகலாசாலைகள் நம்மிடம் சிலவே. பெரும்பாலோர் கல்வியியலின் கீழோ பொது நிர்வாகத்தின் கீழோதான் பதிவு செய்துகொள்கிறார்கள்.

உத்தியோகத்தில் இருந்துகொண்டே பகுதிநேரமாகப் படிக்கவும் விதி இடம் கொடுக்கிறது. அவ்வாறு படிக்க விரும்பும் கல்லூரி ஆசிரியரோ அலுவலகக் கண்காணிப்பாளரோ, தமக்கு ஆராய்ச்சிக்குப் போதிய அவகாசம் உண்டென்றும், வேண்டும்போது பணியினின்று விடுவிக்கப்படுவார் என்றும் தம் நிறுவனத்திடமிருந்தே ஆட்சேபணையில்லாச் சான்றிதழ் பெற வேண்டும். அந்தக் காகிதம் எந்த மேஜையில் எத்தனை நாள் கிடக்கும் என்பதை விதி சொல்லவில்லை. அதனையே தலைப்பாக எடுத்துக்கொண்டு ஒருவர் முன்வந்தால், நானாயிருந்தால் உடனே அநுமதி கொடுத்துவிடுவேன்.