வயிற்றில் அடிபட்டதா? எண்ணெய் தேய்க்காதீர்கள்

திருப்பத்தில் சைக்கிள் சறுக்குகிறது. முன்சக்கரம் மடங்கி, ஹேண்டில்பார் நுனி பையனின் வயிற்றில் இடிக்கிறது. சிராய்த்த முழங்கைக்கு மருந்து போடுகிறார்கள். வயிற்றில் நாணயம் அளவுக்கு வட்டமாக ஒரு சிவப்புத் தடம், அவ்வளவுதான். சட்டையை இறக்கிவிட்டு எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். உண்மையான ஆபத்து அந்தத் தடத்துக்குக் கீழே இருக்கக்கூடும்.

தோல் முழுசு, குடலில் ஓட்டை

நெஞ்சுக்கு விலா எலும்புகள் காவல். வயிற்றின் முன்புறத்தில் தசை மட்டுமே. சிறுவர்களுக்கு அதுவும் மெல்லியது. ஹேண்டில்பார் இடித்தாலும், மாடு முட்டினாலும், ஸ்டியரிங் அழுத்தினாலும், முன்னால் அந்த அடிக்கும் பின்னால் முதுகெலும்புக்கும் நடுவே குடல் நசுங்குகிறது. சில சமயம் காற்று நிரம்பிய குடல் வளையம் இருபுறமும் அடைபட்டு, அழுத்தம் தாங்காமல் வெடிக்கிறது.

வேகமாக வந்த கார் மோதி நிற்கும்போது நடப்பது வேறு. சிறுகுடல் சுமார் 6 மீட்டர் நீளம். பெரும்பகுதி அசையக்கூடியது, தொடக்கமும் முடிவும் மட்டும் வயிற்றின் பின்சுவரோடு பிணைந்தவை. உடல் நின்ற பிறகும் குடல் முன்னோக்கிப் பாய்வதால், பிணைந்த இடத்துக்கு அருகில் கிழிகிறது. குடலைத் தாங்கும் சவ்வு கிழிந்தால் அதிலுள்ள ரத்தக்குழாய்களும் அறுபடும். ரத்தம் கிடைக்காத அந்தக் குடல்துண்டு அன்றைக்கு நன்றாக இருந்துவிட்டு, சில நாள் கழித்து அழுகி ஓட்டையாகலாம்.

ஏமாற்றும் முதல் சில மணி நேரம்

மண்ணீரலோ கல்லீரலோ பெரிதாகக் கிழிந்தால் ரத்தம் கொட்டி, நாடித்துடிப்பு சீக்கிரமே காட்டிக்கொடுத்துவிடும். குடல் அப்படியில்லை. சிறுகுடலின் மேற்பகுதியில் கிருமிகள் குறைவு என்பதால், அங்கே கசிவு ஏற்பட்டாலும் முதலில் லேசான வலிதான் இருக்கும். மணிக்கணக்கில் அந்தக் கசிவு வயிறு முழுக்கப் பரவிச் சீழ் பிடிக்கும்.

ஆகவே, முதல் ஒரு நாளாவது கண்ணை எடுக்காமல் கவனியுங்கள். வலி கூடிக்கொண்டே போகிறதா? காலை மடக்கி அசையாமல் படுக்கிறானா? இருமினால், வண்டி வேகத்தடையில் ஏறி இறங்கினால் முகம் சுளிக்கிறானா? பச்சையாக வாந்தி, காய்ச்சல், உப்பல், பலகைபோல் இறுகும் வயிறு, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே கிளம்புங்கள்.

“குடல் ஏறிடுச்சு”

வீட்டுப் பெரியவர்கள் இப்படிச் சொல்லி விளக்கெண்ணெய் தடவி நீவிவிடுவார்கள். அக்கறைதான், சந்தேகமில்லை. ஆனால் ஓட்டை விழுந்த குடலை அழுத்தினால் கசிவுதான் அதிகமாகும். ஒத்தடமும் வேண்டாம். வலி மாத்திரை கொடுத்துவிட்டு விடியட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் சோறு, சோடா, தண்ணீர் எதுவும் கொடுக்காமல் 108-ஐ அழையுங்கள். மருத்துவரிடம் எத்தனை மணிக்கு, எது இடித்தது என்பதைச் சொல்லுங்கள்.

எல்லா ரிப்போர்ட்டும் நார்மலா?

நிற்கவைத்து எடுக்கும் எக்ஸ்ரேயில் உதரவிதானத்துக்குக் கீழே காற்று தெரிந்தால் குடலில் ஓட்டை என்று சந்தேகிப்பார்கள். தெரியாததால் மட்டும் ஓட்டை இல்லை என்று ஆகிவிடாது. அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் வயிற்றில் தேங்கிய திரவத்தைக் காட்டும், ஓட்டையைக் காட்டுவது கடினம். சிடி ஸ்கேன் இவற்றைவிட மேலானது. ஆனாலும் சீக்கிரம் எடுத்தால் அதுவும் தவறவிடலாம். மருத்துவர் சில மணிக்கு ஒருமுறை வந்து வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது அதனால்தான். “ஒன்றுமில்லை என்றால் எதற்கு வைத்திருக்கிறீர்கள்?” என்று டிஸ்சார்ஜ் கேட்டு அவசரப்படுத்தாதீர்கள். நேரத்தோடு கண்டுபிடித்தால் பெரும்பாலும் ஓட்டையைத் தைத்தோ, கெட்ட துண்டை அகற்றி இணைத்தோ சரிசெய்துவிடலாம். தாமதமானால் மலம் வெளியேற வயிற்றிலேயே தற்காலிக வழி வைக்கவேண்டி வரலாம்.

சாலை விபத்து என்றால் பணத்தை நினைத்துத் தயங்காதீர்கள். தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், பட்டியலிலுள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம்.

பெல்ட்டும் சைக்கிளும்

சீட் பெல்ட் உயிர் காக்கும், சந்தேகமே வேண்டாம். ஆனால் அதன் கீழ்ப்பட்டை இடுப்பெலும்பின்மேல் படிய வேண்டும்; கர்ப்பிணிகளுக்கு வயிற்றுக்குக் கீழே. விபத்துக்குப் பின் வயிற்றின் குறுக்கே பெல்ட் தடம் கன்றியிருந்தால் குடலையும் முதுகெலும்பையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

வீட்டிலிருக்கும் சைக்கிளையும் இன்று ஒருமுறை பாருங்கள். ஹேண்டில்பார் நுனியில் ரப்பர் பிடி கிழிந்து இரும்புக் குழாயின் வாய் வெளியே தெரிந்தால், மாற்றும்வரை பிள்ளையிடம் கொடுக்காதீர்கள்.