உஷார்! பின் அச்சுக்கு வெல்டிங்கா? சைக்கிளில் ஏறாதீர்கள்

அத்திப்பட்டு, மீஞ்சூர் பக்கம் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களே, உஷார்! பின்சக்கர அச்சு உடைந்ததும் "ரெண்டு பொட்டு வெல்டிங் வெச்சா ஓடும்ண்ணே" என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிடாதீர்கள். காமராஜர் துறைமுகத்துக்கும் காட்டுப்பள்ளிக்கும் கன்டெய்னர் டிரெய்லர்கள் ஓடும் பகுதி இது. ஓட்டத்தில் சக்கரம் சாய்ந்து ஃப்ரேமில் சிக்கினால், பின்னால் வரும் வண்டிக்கு பிரேக் பிடிக்க நேரம் இருக்காது.

வெல்டிங் ஏன் நிற்காது? பால்ஸைத் தாங்கும் கோன் அச்சில் ஏற வேண்டுமென்றால் ஒட்டின் மேடு இருக்கக் கூடாது. அதனால் வைத்த வெல்டிங்கையே கிரைண்டரில் தேய்த்து எடுக்கிறார்கள். மிஞ்சுவது மேல்தோல் அளவு ஒட்டு. சூடு பட்ட இடமும் பழைய உறுதியோடு இருப்பதில்லை. அச்சு பெரும்பாலும் உடைவது ஃப்ரீவீல் பக்கம். அங்கே கோன் உள்ளே தள்ளி இருப்பதால், அதற்கும் ஃப்ரேமுக்கும் நடுவே அச்சு தாங்கல் இல்லாமல் நிற்கிறது. ஒவ்வொரு பள்ளத்திலும் வளைந்து நிமிர்வது அந்த இடம்தான். கேரியரில் தண்ணீர் கேனோ சிமென்ட் மூட்டையோ இருந்தால் கேட்கவே வேண்டாம்.

ஹார்டுவேர் கடையில் மரை போட்ட கம்பி வாங்கி அறுத்துப் போடுவதும் ஆபத்துதான். பெரிய சைக்கிள்களின் பின் அச்சு வழக்கமாக 3/8 அங்குலம்; அங்குலத்துக்கு 26 மரை. கடையில் கிடைக்கும் சாதாரண 10 மி.மீ. கம்பியில் அங்குலத்துக்கு 17 மரைதான். நட்டு ஒரு சுற்று ஏறி இறுகும். ஸ்பேனரை வைத்து மல்லுக்கட்டினால் முழுசாக ஏறியது போலத் தெரியும்; உள்ளே மரை தேய்ந்திருக்கும்.

இன்னொரு எச்சரிக்கை: அச்சு இரண்டாக உடைந்தாலும் இருபக்க நட்டும் பிடித்திருப்பதால் சைக்கிள் சில நாள் ஓடவும் கூடும். பின்சக்கரத்தைத் தூக்கி, ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். லேசாக ஆடினால் கோன் தளர்ந்திருக்கலாம். சக்கரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தாலோ, பெடலை அழுத்தும்போது டயர் ஃப்ரேமில் உரசினாலோ, உடனே இறங்கிச் சுமையை இறக்கிவிட்டுத் தள்ளிக்கொண்டு போங்கள்.

சைக்கிள் கடையில் பழைய அச்சைக் காட்டி, அதே அளவில் கோனோடு புது செட் வாங்குங்கள். பால்ஸையும் மாற்றச் சொல்லுங்கள்: கால் அங்குல பால்ஸ், பக்கத்துக்கு 9. மறுநாள் நட்டை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூட சைக்கிளையும் இன்றே ஆட்டிப் பாருங்கள். வெல்டிங் கேட்டுக்கும் கட்டிலுக்கும் இருக்கட்டும், அச்சுக்கு வேண்டாம்.