ரப்பர் உடைக்குள் ஒரு மனிதர்

சிடாம் கிரி, சுங்கைப் பட்டாணி வட்டாரத்தில் மலாய் பேசி வளர்ந்த தமிழர்கள் ‘மோத்ரா’ படத்தில் ஓரிடத்தில் நிமிர்ந்து உட்காருவார்கள். 1961-இல் வந்த ஜப்பானியப் படம் அது. ஒரு முழம்கூட உயரமில்லாத இரட்டைச் சகோதரிகள் ராட்சத அந்துப்பூச்சியை அழைத்துப் பாடும் பாட்டு மட்டும் மலாய்க்காரர்களுக்கும் புரிகிற இந்தோனேசிய மொழியில் ஒலிக்கிறது. அணுகுண்டுச் சோதனை நடந்த தீவிலிருந்து அவர்களைக் கடத்தி வந்து, மேடையேற்றிக் காசு பார்க்கிறான் ஒருவன். அவர்களை மீட்கத்தான் மோத்ரா கடல் தாண்டி வருகிறது.

இந்த ராட்சத விலங்குப் பட வகைக்கு வழி திறந்தது ‘கோஜிரா’. உலகம் காட்சில்லா என்று அழைக்கும் அந்தப் படம் 1954 நவம்பர் 3 அன்று வெளியானது. அதே ஆண்டு மார்ச்சில் பிக்கினி தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல், ஜப்பானிய மீன்பிடிப் படகிலிருந்த 23 பேர் மேல் விழுந்தது. செப்டம்பரில் ஒருவர் இறந்தார். படமும் கடலில் எரியும் படகோடுதான் தொடங்குகிறது.

இயக்குநர் இஷிரோ ஹோண்டா போருக்குப் போய்த் திரும்பியவர். அழிந்த ஹிரோஷிமாவைக் கண்ணால் கண்டவர். அதனால்தான் எரியும் நகரத்தில் பிள்ளைகளை அணைத்தபடி, சீக்கிரம் அப்பாவிடம் போய்விடுவோம் என்று சொல்லும் தாயைக் காட்டுகிறார். நகரத்தை அழிக்கும் கோஜிரா என்ற ராட்சத விலங்கைக் கொல்லும் ஆயுதத்தைக் கண்டுபிடித்த விஞ்ஞானி செரிசாவா, அது ஆள்வோர் கையில் சிக்கக்கூடாதென்று குறிப்புகளை எரித்துவிட்டு, அந்த ஆயுதத்தோடு கடலுக்கடியில் தானும் மடிகிறார்.

தந்திரக் காட்சிகள் எய்ஜி சுபுராயாவுடையவை. 1933-இல் வந்த ‘கிங் காங்’ போலப் பொம்மையை இம்மியிம்மியாக நகர்த்திப் படமெடுக்க அவருக்கு நேரமில்லை. சுமார் 100 கிலோ எடையுள்ள ரப்பர் விலங்கு உடைக்குள் ஹருவோ நகாஜிமா என்ற நடிகரை இறக்கினார். நடை பழக நகாஜிமா மிருகக்காட்சிசாலைக்குப் போய் யானையையும் கரடியையும் கவனித்தார். தோக்கியோ நகரம் 25-இல் ஒரு பங்கு அளவில் எழுந்தது. கேமரா வேகமாக ஓடிப் பதிவுசெய்ததைத் திரையில் வழக்கமான வேகத்தில் ஓட்டும்போது அசைவு மெதுவாகிறது. அந்த மெதுவான அசைவைக் கண் பெரும் எடையாக எடுத்துக்கொள்கிறது. கோஜிராவின் உறுமலோ, இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே பிசின் தடவிய தோல் கையுறையால் டபுள் பேஸ் தந்தியைத் தேய்த்து எடுத்த சத்தம்.

ஜப்பான்காரன் காலத்தில் சயாம் மரண ரயில் பாதைக்கு ஆட்களைப் பறிகொடுத்த கெடா தோட்டத்துக் குடும்பங்களுக்கு இந்தப் படத்தில் ஒரு குறை தெரியும். தன் துயரை இவ்வளவு உருக்கமாகச் சொல்லும் படம், ஜப்பான் பிறருக்குத் தந்த துயரைப் பேசவில்லை. அதற்காகச் செரிசாவாவின் மரணம் பொய்யாகிவிடாது.

1956-இல் அமெரிக்கர்கள் பல காட்சிகளை வெட்டி, தங்கள் நாட்டு நிருபர் ஒருவரை நடுவில் நுழைத்து வேறொரு படமாக வெளியிட்டார்கள். பார்க்க விரும்புவோர் 96 நிமிட ஜப்பானிய மூலத்தையே தேடிப் பாருங்கள்.