காய்ந்த சேறு மீண்டும் நனைந்தால்...

இலத்தூர் பெரியகுளம் நிரம்பி மறுகால் பாய்ந்துவிட்டால், அந்த ஆயக்கட்டில் பிசான நெல்லுக்குத் தண்ணீர்க் கவலை இல்லை. ஆனால், இரண்டு மூன்று வருடம் தரிசாகக் கிடந்த தாழ்வான வயலில் முதல் தடவையாகத் தொளி கலக்கி நட்டவர்களுக்கு வேறு ஒரு கவலை வருவதுண்டு. வரப்போரத் தண்ணீரில் துரு நிறத்தில் எண்ணெய்ப் படலம் மிதக்கும். காலை வைத்தால் குமிழி கிளம்பும், அழுகிய முட்டை வாடை அடிக்கும். நட்ட நாற்று பச்சை பிடிக்காமல், இலையில் பழுப்புப் புள்ளியோடு அப்படியே நிற்கும்.

உடனே நோய் என்று நினைத்து மருந்து வாங்கப் போகிறவர்கள் உண்டு. இன்னும் ஒரு மூட்டை யூரியா போடுகிறவர்களும் உண்டு. இரண்டுமே வீண் செலவாகலாம். காய்ந்த மண் மறுபடி சேறாகும்போது அதற்குள் நடக்கும் மாற்றம்தான் பெரும்பாலும் இதற்குக் காரணம். இந்த மாற்றத்தைப் பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் 'பீட்' நிலங்களைப் பார்க்க வேண்டும்.

கோகோபீட் தெரியும், பீட் எது?

தக்காளி, மிளகாய் நாற்று விடக் குழித்தட்டில் நிரப்பும் கோகோபீட் எல்லோருக்கும் தெரியும். குளிர்நாடுகளில் நாற்றுக்குப் பயன்பட்ட பீட்டுக்கு மாற்றாக வந்ததால்தான் தென்னைநார்க் கழிவுக்கு அந்தப் பெயர். நிஜ பீட் என்பது சதுப்பில் விழுந்த செடிகொடிகள், தண்ணீருக்கு அடியில் காற்றுப் படாததால் முழுதாக மக்காமல், ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அடுக்கடுக்காகச் சேர்ந்த கறுப்புச் சேறு.

நம் நீலகிரிப் பள்ளத்தாக்குச் சதுப்புகளிலும் இது உண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ராமன் சுகுமார் குழுவினர் 1993ல் வெளியிட்ட ஆய்வின்படி, அங்குள்ள அடுக்குகள் சுமார் 20,000 ஆண்டுகள் பின்னோக்கிப் போகின்றன.

இந்தச் சேற்றைக் காப்பது தண்ணீர்தான். வாய்க்கால் வெட்டி வடித்தால் காற்று புகுந்து மக்கத் தொடங்கும். சேர்ந்த கரி, வாயுவாகப் பறக்கும், நிலமும் தாழும். இங்கிலாந்தில் ஹோம் ஃபென் என்ற இடத்தில் பீட் நிலத்தை வடித்த காலத்தில், 1851ல், தலை மண் மட்டத்தில் இருக்கும்படி ஓர் இரும்புத் தூணை இறக்கினார்கள். இன்று அந்தத் தூண் சுமார் 4 மீட்டர் வெளியே நிற்கிறது. தூண் உயரவில்லை, நிலம்தான் இறங்கிவிட்டது.

இந்தோனேசிய அரசு 1990களின் நடுவில், மத்திய கலிமந்தானில் சுமார் 10 லட்சம் ஹெக்டேர் நிலத்தை நெல் பயிரிட வளைத்தது. அதில் பெரும்பகுதி பீட் சதுப்பு. கால்வாய் வெட்டி வடித்தும் நெல் எடுபடவில்லை. காய்ந்த பீட் 1997லும் 2015லும் தீப்பிடித்து எரிந்தது. இப்போது அதே கால்வாய்களுக்குக் குறுக்கே தடுப்புகள் கட்டி நிலத்தை நனைத்து வருகிறார்கள்.

குட்டநாட்டுக் கரி நிலம்

செங்கோட்டை வழியாகக் கொல்லம் போய் வடக்கே திரும்பினால் வருகிற குட்டநாட்டில், கடல் மட்டத்துக்குக் கீழே நெல் விளைகிறது. அங்கே 'கரி நிலம்' என்று ஒரு வகை உண்டு. பெயருக்கேற்பக் கறுத்த மண், தோண்டினால் மக்காத மரத்துண்டுகள் கிடைக்கும். ஏறக்குறைய பீட் போன்ற மண்தான்.

அந்தச் சேற்றில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த ஒரு பொருள் இருக்கிறது. தண்ணீருக்குள் இருக்கும்வரை அதனால் தொந்தரவு இல்லை. மண் காய்ந்து வெடித்துக் காற்று பட்டால் கந்தக அமிலமாக மாறும். காரஅமில நிலை 4க்கும் கீழே போய், நெல் வேர் கருகும்.

மறுபடி தண்ணீர் கட்டினால் அமிலம் மெல்லக் குறையும். ஆனால் அதே சமயம் இரும்பு கரைந்து வெளியே வந்து பயிரைத் தாக்கும். அதனால் அங்குள்ள விவசாயிகள் விதைப்புக்கு முன் தண்ணீரைத் தேக்கி, வடித்து, மறுபடி தேக்கி மண்ணைக் கழுவுகிறார்கள். சுண்ணாம்பை ஹெக்டேருக்கு 600 கிலோ வீதம், உழவில் 350 கிலோ, ஒரு மாதம் கழித்து 250 கிலோ என இரு தவணையாக இடுவது கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை.

நனைத்தால் பழையபடி ஆகிவிடுமா?

ஐரோப்பாவில் வடித்துப் பின் நனைத்த 320 சதுப்புகளை, வடிக்காமல் விட்ட 243 சதுப்புகளோடு ஒப்பிட்ட ஆய்வு 2021ல் வெளியானது. நனைத்துப் பல ஆண்டுகள் ஆகியும் அவை பழைய நிலைக்குத் திரும்பவில்லை. முன்பு இருந்த சிறு கோரைகளும் பாசிகளும் குறைந்து, சம்பும் நாணலும் போன்ற உயரமான செடிகள் மேலோங்கியிருந்தன.

நனைத்த முதல் சில வருடங்களில் மண்ணில் பிடித்திருந்த மணிச்சத்து கரைந்து வெளியேறும், தண்ணீரில் பாசி பெருகும், மீத்தேன் வாயு கூடும். ஆனால் மண் மக்கிப் போவதும் நிலம் தாழ்வதும் மட்டுப்படும், தீப்பிடிக்கும் ஆபத்தும் குறையும். ஆகவே நனைப்பது சரியான வேலைதான். முதல் வருடத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்வதுதான் தவறு.

நம் வயலில் என்ன செய்யலாம்?

தென்காசி வட்டாரத்து வயல்கள் பீட் அல்ல. ஆனாலும் மண் தண்ணீருக்குள் போனால் நடப்பது ஒரே வரிசைதான். முதல் ஓரிரு நாளில் காற்று தீரும், பிறகு இரும்பு கரையும், அதன் பின் கந்தக வாயுவும் மீத்தேனும் வரும். இலங்கையில் பிறந்து, பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய மண்ணியல் அறிஞர் பொன்னம்பெருமா, 1972ல் இதை விரிவாக எழுதினார். தண்ணீர் கட்டிச் சில வாரங்களில் அமில மண்ணும் நடுநிலையை நெருங்கும் என்பதும் அவர் விளக்கியதுதான்.

* பல வருடம் தரிசாகக் கிடந்த வயலுக்குத் தண்ணீர் வந்ததும் அவசரப்பட்டு நட வேண்டாம். இரண்டு, மூன்று வாரம் தண்ணீர் கட்டி வைத்து, ஒரு தடவை வடித்துப் புதுத் தண்ணீர் பாய்ச்சி நடலாம்.
* கொளுஞ்சி, தக்கைப்பூண்டு, நெல் தாள் எதுவானாலும் நன்கு மக்க நாள் விட்டு நட வேண்டும். பச்சையாக மிதித்து மறுநாளே நட்டால் கந்தக வாயு கூடும்.
* பயிர் நின்றுபோனால் ஒரு தூரைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். செம்பழுப்பாக இருந்தால் பயப்பட வேண்டாம். கறுத்து நாறினால் தண்ணீரை வடித்து, மண்ணில் மயிர்க்கோடு வெடிப்பு விழும்வரை காய விடுங்கள்.
* கீழ் இலைகளில் துருப் புள்ளியும், இளம் இலையின் அடி நரம்பில் வெளிறலும் சேர்ந்து தெரிந்தால் துத்தநாகக் குறையாக இருக்கலாம். வருமுன் காக்க, ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை 20 கிலோ மணலில் கலந்து, நடவுக்கு முன் சமமாகத் தூவலாம்.
* முதல் போகத்தில் மண்ணே கொஞ்சம் தழைச்சத்து தரும். யூரியாவை அடியுரமாகக் கொட்டாமல் பிரித்து இடுங்கள். சாம்பல் சத்தை விட்டுவிட வேண்டாம். மணிச்சத்தை மண் பரிசோதனை பார்த்து முடிவு செய்யுங்கள்.

காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் விடுவது நம் வயலுக்கு நல்லது, குட்டநாட்டுக் கரி மண்ணுக்கு அது கேடு. அதனால் அடுத்த ஊரில் பலித்ததை அப்படியே செய்வதற்கு முன், மண் மாதிரி எடுத்து வேளாண்மை விரிவாக்க மையத்தில் கொடுத்துப் பார்ப்பது நல்லது. வயல் காய்ந்து கிடக்கும் கோடையிலேயே மாதிரி எடுத்துவிட்டால், குளத்துக்குத் தண்ணீர் வரும்போது முடிவு கையில் இருக்கும்.