உங்களுக்குத் தெரியுமா? – வீடு தேடி வரும் நர்ஸம்மா

● திருப்பூர்ப் பக்கம் 'ஒண்ணரை சிப்டு' என்றால் காலை எட்டரைக்கு உள்ளே போய் இரவு எட்டரைக்கு வெளியே வருவது. உடுமலைப்பேட்டையில் கம்பெனி வேனுக்கு நிற்கும் அம்மா அதற்கும் முன்னாலேயே வீட்டைப் பூட்டியாக வேண்டும். அங்கன்வாடியோ மாலைக்குள் மூடிவிடும். மிச்ச நேரம் குழந்தை யாரிடம்? பாட்டியிடம், பக்கத்து வீட்டில், இல்லாவிட்டால் மூன்றாவது படிக்கும் அக்காவிடம். குழந்தைப் புறக்கணிப்பு என்றதும் குடிகார அப்பாவும் பொறுப்பில்லாத அம்மாவும்தான் நம் கண்ணில் வருகிறார்கள். அப்படிப்பட்டவர்களும் உண்டு. ஆனால் பாசம் நிறைய இருந்தும் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத வீடுகளும் இந்தப் பக்கம் ஏராளம்.

● பிள்ளையை அடிப்பது மட்டும் குற்றம் என்று நினைத்தால் தவறு. இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 75-இன்படி, தன் பொறுப்பில் உள்ள குழந்தையை வேண்டுமென்றே புறக்கணித்து வேதனைக்கு ஆளாக்கினால் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஆனால் அதே பிரிவில் ஒரு விலக்கும் இருக்கிறது: தங்கள் சக்திக்கு மீறிய சூழ்நிலையால் பெற்றோர் குழந்தையைக் கைவிட நேர்ந்திருந்தால், அது வேண்டுமென்றே செய்ததாகக் கருதப்படாது. குழந்தையை விடுதியிலோ இல்லத்திலோ சேர்ப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இந்தச் சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று. போலீஸை அனுப்பும் முன் உதவியை அனுப்பு என்று சட்டமே சொல்கிறது என்றுதான் நான் படிக்கிறேன்.

● அந்த உதவி வீடு தேடிப் போனால் என்ன செய்யும்? 1970-களின் இறுதியில் நியூயார்க் மாநிலத்தின் எல்மைரா என்ற சிறு நகரில் டேவிட் ஓல்ட்ஸ் என்ற ஆய்வாளர் 400 கர்ப்பிணிகளைச் சேர்த்துக்கொண்டார். பலரும் ஏழைகள், சிறு வயதுப் பெண்கள், திருமணமாகாதவர்கள். அவர்களில் ஒரு பகுதியினரின் வீட்டுக்கு, கர்ப்ப காலத்திலிருந்து குழந்தைக்கு 2 வயது முடியும்வரை, நர்ஸ் ஒருவர் தொடர்ந்து போய் வந்தார். 15 ஆண்டு கழித்துக் கணக்குப் பார்த்தபோது, நர்ஸ் போய் வந்த வீடுகளில் கொடுமை, புறக்கணிப்பு என்று உறுதியான புகார்கள் மற்ற வீடுகளில் இருந்ததில் ஏறத்தாழ பாதிதான்.

● ஆனால் அதே எல்மைராவில், கணவனோ துணைவனோ அடிப்பது ஓயாத வீடுகளில் இந்தப் பலன் காணாமல் போனது. சம்பள நாளான சனிக்கிழமை சாயங்காலம் டாஸ்மாக் வாசலைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அம்மாவுக்கு மட்டும் ஆலோசனை சொல்லிவிட்டு வருவது அந்த வீடுகளில் பாதி வேலைதான்.

● இதே திட்டத்தை இங்கிலாந்தில் செய்து பார்த்தார்கள். 2016-இல் வெளியான முடிவு சுமார்தான். பெரிதாகக் கூடுதல் பலன் இல்லை. அங்கே எல்லாக் குழந்தைகளின் வீட்டுக்கும் ஏற்கெனவே அரசு நர்ஸ் போய் வருகிறார் என்பது முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. யாருமே எட்டிப் பார்க்காத வீட்டுக்கு ஒருவர் போகும்போதுதான் மாற்றம் பளிச்சென்று தெரிகிறது.

● வருபவர் படித்த நர்ஸாகத்தான் இருக்க வேண்டுமா? அவசியமில்லை. ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் 1986–87-இல் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளைக் கொண்டு ஓர் ஆய்வு தொடங்கியது. ஒரு பிரிவுக் குழந்தைகளின் வீட்டுக்கு உள்ளூர்ச் சுகாதாரப் பணிப்பெண் வாரம் ஒரு மணி நேரம் போனார். கையில் வீட்டிலேயே செய்த பொம்மைகள். குழந்தையோடு எப்படிப் பேசுவது, எப்படி விளையாடுவது என்று அம்மாவுக்குச் செய்து காட்டினார். இரண்டு வருடம், அவ்வளவுதான். சுமார் 20 ஆண்டுக்குப் பிறகு அந்தக் குழந்தைகளின் சம்பாத்தியம் மற்றவர்களைவிட 25 சதவீதம் அதிகம்.

அதே பாடத்திட்டம் பிறகு ஒடிசாவுக்கு வந்தது. கட்டாக் நகரக் குடிசைப் பகுதிகளில் 421 குழந்தைகளைக் கொண்டு நடந்த ஆய்வில், உள்ளூர்ப் பெண்கள் 18 மாதம் வீடு வீடாகப் போனார்கள். குழந்தைகளின் அறிவு வளர்ச்சியில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. அங்கே பொம்மைக்குத் துணியும் பாட்டில் மூடியும் தேட வேண்டியிருந்திருக்கும். இங்கே வீதிக்கு வீதி கட்டிங் வேஸ்ட் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. நூல் சுற்றி முடிந்த காலிக் கோனை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க விட்டால் ஒன்றரை வயதுக் குழந்தைக்கு அரை மணி நேரம் போவதே தெரியாது. வீட்டில் உட்கார்ந்து பீஸுக்குப் பிசிறு வெட்டும் அம்மா, வெட்டிக்கொண்டே 'சிவப்பு எடு, பச்சை எடு' என்று பேசலாம். கத்தரிக்கோலை மட்டும் எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும்.

● எட்டாத உயரம் என்றதும் இன்னொன்று. ஜான் லட்ஸ்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1979-இல் தொடங்கிய வேலை, பிறகு 'சேஃப்கேர்' என்ற திட்டமாக வளர்ந்தது. குழந்தைக் கொடுமையையும் புறக்கணிப்பையும் தடுக்க உருவானது இது. வருபவர் அறிவுரை சொல்வதோடு நிற்பதில்லை. பெற்றோரோடு வீட்டைச் சுற்றி நடக்கிறார். குழந்தை கைக்கு எட்டுவது என்ன, வாய்க்குள் போகக்கூடியது என்ன என்று அறை அறையாகப் பார்த்துச் சேர்ந்தே எடுத்து வைக்கிறார்கள். காய்ச்சல் வந்தால் எப்போது வீட்டில் பார்ப்பது, எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓடுவது என்பதும் பாடத்தில் உண்டு.

உடுமலை வீடு ஒன்றில் அப்படி நடந்தால் என்னென்ன கண்ணில் படும்? குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைத்த தென்னை மருந்து. வாசலுக்குக் கரைக்கும் சாணிப்பவுடர். இது சாணியே அல்ல, சாயம், உயிரைக் குடிக்கும் விஷம். மூடி இல்லாத தண்ணித் தொட்டி. தோட்டத்துச் சாளையாக இருந்தால் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு, கொஞ்சம் தள்ளி பி.ஏ.பி. (பரம்பிக்குளம்–ஆழியாறு) பாசன வாய்க்கால். இவற்றில் முக்கால்வாசியைச் சரிசெய்யப் பணம் வேண்டாம். கூட நின்று பார்க்க ஒரு ஆள் போதும்.

● பிள்ளையைச் சரியாகப் பார்க்காத அம்மாவைத் திட்டும் முன் ஒரு கேள்வி: அவருக்கு உடம்பும் மனசும் சரியாக இருக்கிறதா? வேலூர் அருகே கணியம்பாடி வட்டாரத்தில் நடந்த ஆய்வு ஒன்று 2002-இல் வெளியானது. பிரசவத்துக்குப் பிறகு புதிதாக மனச்சோர்வுக்கு ஆளான பெண்கள் 100-க்கு 11 பேர். அதற்கு வழிவிட்ட காரணங்களைப் பாருங்கள்: குறைந்த வருமானம், ஆண் குழந்தையை எதிர்பார்த்திருந்தபோது பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் மனத்தாங்கல், கைவேலைக்கு உதவ ஆள் இல்லாதது.

இதற்கும் வீடு தேடிப் போனவர்கள் மருந்தாகியிருக்கிறார்கள். பாகிஸ்தானின் ராவல்பிண்டிப் பகுதிக் கிராமங்களில், மனச்சோர்வு கண்ட 903 தாய்மாரை வைத்து நடந்த ஆய்வு 2008-இல் வெளியானது. சாதாரணப் பெண் சுகாதாரப் பணியாளர்களுக்கு எளிய பேச்சுமுறைப் பயிற்சி கொடுத்து அனுப்பினார்கள். குழந்தைக்கு 6 மாதம் ஆனபோது, அந்தப் பேச்சு கிடைத்தவர்களில் 23 சதவீதம் பேருக்குத்தான் சோர்வு நீடித்தது; கிடைக்காதவர்களில் 53 சதவீதம். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கும் குறைந்தது.

● இலங்கையில் 1926-இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியதிலிருந்து, மருத்துவிச்சி வீடு வீடாகப் போவது வழக்கம். ஜப்பானில் பிறந்த குழந்தை இருக்கும் எல்லா வீட்டுக்கும் 4 மாதத்துக்குள் ஒருவர் போய் எட்டிப் பார்க்கிறார். பணக்காரர், ஏழை என்ற பேதமில்லை. எல்லார் வீட்டுக்கும் வருகிறார் என்றால் யாருக்கும் அவமானமில்லை.

● நம்மிடம் இல்லாததா? 1980-இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில் கிராமத்துப் பணிப்பெண்கள் மாதாமாதம் குழந்தைகளை எடைபோட்டு, எடை ஏறாத குழந்தையை மட்டும் தேடிப்பிடித்துச் சத்துருண்டை கொடுத்து, அம்மாவுக்கும் விளக்கினார்கள். இன்று தேசிய அட்டவணைப்படி, ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாள்களில் வீட்டுக்கே வந்து பார்க்க வேண்டும். பிறகு 3, 6, 9, 12, 15-ஆம் மாதங்களில். கிராம சுகாதார செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் நம் தெருவில் நடப்பது இதற்குத்தான்.

● சிக்கல் நேரத்தில் இருக்கிறது. நர்ஸம்மா வருவது பகலில். ஒண்ணரை சிப்டு அம்மா வீட்டில் இருப்பது இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும். பாட்டியிடம் சொன்ன சேதி பாதிதான் போய்ச் சேரும். அப்படியானால் நர்ஸம்மாவுக்கு ஞாயிறு லீவு வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். அதனால்தான் நூல் மில்லும் பனியன் கம்பெனியும் உள்ள ஊர்களுக்கென்று மாலை நேரப் பணியிடம் தனியாக வேண்டும் என்கிறேன். இருப்பவர் தலையிலேயே இதையும் ஏற்றுவது நியாயமில்லை.

● நர்ஸம்மா இருக்கும் துணை சுகாதார நிலையம் சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று. மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று. இது கணக்கு. உடுமலைக்கு மேலே ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் குருமலை, குழிப்பட்டி, மாவடப்பு போன்ற ஊர்களுக்குப் போகும் வழியின் ஏற்றமும் இறக்கமும் இந்தக் கணக்கில் சேராது.

● 50 பேர், அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும்; தாய் நாளில் 4 முறை போய்க் குழந்தையைப் பார்த்து வரலாம். 2017-இல் வந்த சட்டத் திருத்தம் இது. உங்கள் கம்பெனியில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

● கணவனை இழந்த, விவாகரத்தான, கைவிடப்பட்ட தாய், அல்லது பெற்றோருக்கு உயிருக்கு ஆபத்தான நோய் என்றால், 'மிஷன் வாத்சல்யா' திட்டத்தில் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் கிடைக்கும். ஆண்டு வருமான வரம்பு கிராமத்தில் 72,000, நகரத்தில் 96,000 ரூபாய். தமிழ்நாடு அரசின் 'அன்புக் கரங்கள்' திட்டம் 2025 செப்டம்பரில் தொடங்கியது. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாத பிள்ளைகளுக்கும் மாதம் 2,000 ரூபாய். விசாரிக்க வேண்டிய இடம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு.

● பக்கத்து வீட்டுப் பிள்ளை நாள் முழுக்கத் தனியாக இருக்கிறது என்று தெரிந்தால் 1098-ஐ அழையுங்கள். கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் எடுப்பார்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள முடியாமல் திணறும் அம்மா அப்பாவும் அதே எண்ணை அழைத்து உதவி கேட்கலாம்.